மறு: போலீஸ் நிற்காத வழியில் மகன் பைக் ஓட்டலாமா?

சார், 16 வயது மகன் உங்கள் பைக்கில் ட்யூஷன் போகிறான், வழியில் போலீஸ் இல்லை, மாட்டாதவரை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டினால் தண்டனை உங்களுக்குத்தான். 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவும் 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

ஆனால் என் பயம் அதில்லை. குறுக்கே ஒரு பாட்டி வந்துவிட்டால்? போலீஸ் இல்லாத தெரு என்பதால் அவருக்கு அடி குறையாதே! லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று, கொடுத்த நஷ்டஈட்டை இன்சூரன்ஸ்காரர்கள் உங்களிடமே வசூலிக்கலாம்.

சாவியை இன்றே வாங்கி வையுங்கள். இரண்டு வருஷம் சைக்கிள் போதும். மழை நாளில் நீங்களே கொண்டுபோய் விடுங்கள்.