வந்துவிட்டவருக்காகக் காத்திருப்பதா?

கேள்வி: இயேசு பிறந்து இரண்டாயிரம் ஆண்டு ஆகிவிட்டது. ஆனாலும் இனிமேல்தான் பிறக்கப் போகிறவர் போல வருஷா வருஷம் நான்கு வாரம் ஊதா உடை, மெழுகுவர்த்தி, 'ஆண்டவரே வாரும்' என்று பாட்டு. இது நடிப்பு இல்லையா? எங்கள் வீட்டில் ஒரே ஒரு விண்ணப்பத்தை வைத்து நான்கு ஆண்டுகளாகச் செபிக்கிறோம். பதில் இல்லை. இந்த நிலையில் பாடல் குழுவில் நின்று அந்தப் பாட்டைப் பாட நா எழவில்லை. கேரல் பவனிக்கு வேறு கூப்பிடுகிறார்கள். போகவா, வேண்டாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி)

பதில்: முதல் கேள்வியை என்னை வம்புக்கு இழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் உங்கள் கேள்வி. பரவாயில்லை, வம்பையும் தீர்த்துவிடுவோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இந்த நான்கு வாரத்தை, அதாவது திருவருகைக் காலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் ஞாயிறு வாசிக்கப்படும் நற்செய்தியை எப்போதாவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? மாட்டுத் தொழுவமும் இருக்காது, இடையர்களும் இருக்க மாட்டார்கள். மூன்று ஆண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டானாலும் அன்றைக்கு இறுதி நாளைப் பற்றிய பேச்சுதான். மத்தேயு நற்செய்தியை வாசிக்கும் ஆண்டில் நோவா காலத்து வெள்ளமும், இரவில் கன்னம் வைக்க வரும் திருடனும் வருவார்கள். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளைத் திருமுழுக்கு யோவான் எடுத்துக்கொள்கிறார். மரியாவையும் யோசேப்பையும் பார்க்க நான்காம் ஞாயிறு வரை பொறுக்க வேண்டும். ஆக, குழந்தை இன்னும் பிறக்காதது போல நடிப்பது வழிபாட்டு முறை அல்ல. நடிப்பு நம் பக்கம்தான். காலையில் ஊதா உடையில் பூசை காண்கிறோம், அன்று மாலையே 'கிறிஸ்துமஸ் விழா' என்று பேனர் கட்டி கேக் வெட்டுகிறோம். இந்த வாரங்களில் ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' பாடுவதில்லை. வானதூதர் பாடிய அந்தப் பாட்டைப் பிறப்பு விழா இரவுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். நாமோ நவம்பர் கடைசியிலேயே ஸ்பீக்கர் கட்டி அதைத் தெருவுக்கே கேட்க வைத்துவிடுகிறோம்.

இன்னொன்று. 'வாரும்' என்ற மன்றாட்டு அவர் வருவதற்கு முன்னால் இருந்தவர்களோடு முடிந்துவிடவில்லை. பவுல் கொரிந்தியருக்குக் கிரேக்கத்தில் எழுதிய முதல் திருமுகத்தின் கடைசியில் ஒரு அரமேயச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்: மாரனாதா. அதை 'மாரனா தா' என்று பிரித்தால் 'எங்கள் ஆண்டவரே, வாரும்'. 'மாரன் ஆதா' என்று பிரித்தால் 'எங்கள் ஆண்டவர் வந்துவிட்டார்'. நம் புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அவரைக் கண்ணால் கண்டவர்கள் சிலர் உயிரோடு இருந்த காலத்துச் சொல் இது. அன்றைக்கே இரண்டும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மத்தேயு ஆண்டின் மூன்றாம் ஞாயிறு ரோஜா நிற உடை அணிவார்கள், 'மகிழுங்கள்' என்பார்கள். அந்த மகிழ்ச்சி ஞாயிற்றுக்கு எடுத்து வைத்திருக்கும் நற்செய்தியோ சிறையிலிருந்து வருகிறது. யோர்தான் கரையில் கை நீட்டி இயேசுவை அடையாளம் காட்டிய அதே யோவான், ஏரோது மன்னன் அடைத்த இடத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்: "வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டையில் அவர் அடைக்கப்பட்டிருந்தார் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். அங்கே இருந்துகொண்டு கேட்டால் அது சந்தேகம்தான். சந்தேகம் அவருக்கு இல்லை, தம் சீடர்களுக்காகக் கேட்டார் என்று பழைய உரையாசிரியர்கள் சிலர் பூசி மெழுகியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பூச்சு தேவைப்படவில்லை.

பதிலைப் பாருங்கள். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், தொழுநோயாளர் நலமடைகிறார்கள், காது கேளாதோர் கேட்கிறார்கள், இறந்தோர் எழுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. இந்தப் பட்டியலுக்கு இறைவாக்கினர் எசாயாவின் சாயல் உண்டு. ஆனால் எசாயா 61-ஆம் அதிகாரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: சிறைப்பட்டோருக்கு விடுதலை. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு அதையும் சேர்த்துத்தான் வாசித்தார் என்று லூக்கா எழுதுகிறார். யோவானுக்கு அனுப்பிய பதிலில் அந்த ஒரு வரி இல்லை. சிறையில் இருப்பவனுக்குப் போகிற செய்தியில் சிறைக் கதவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கதவு திறக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் ஏரோது யோவானின் தலையை வெட்டச் சொல்ல, அது தட்டில் வந்தது.

ஆனால் தூது வந்தவர்கள் திரும்பியதும் இயேசு கூட்டத்திடம் யோவானைப் பற்றி என்ன சொன்னார்? 'சந்தேகப்பட்டுவிட்டான்' என்றா? மனிதராய்ப் பிறந்தவர்களில் இவரைவிடப் பெரியவர் இல்லை என்றார். அந்தக் கேள்வியைக் கேட்ட ஆளைப் பற்றி, அதைக் கேட்ட கையோடு.

1944 டிசம்பரில் பெர்லினின் டேகல் சிறையில் ஆல்ஃபிரட் டெல்ப் என்ற இயேசு சபைக் குரு இருந்தார். வயது 37. ஹிட்லருக்குப் பிறகு ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும் என்று ரகசியமாகக் கூடிப் பேசிய குழுவில் ஒருவர். விலங்கு பூட்டிய கையோடு கிடைத்த தாள்களில் திருவருகைக் காலத்தைப் பற்றி எழுதினார். அவை சலவைத் துணியோடு ஒளிந்து வெளியே போயின. இயேசு சபைத் துறவியாக வாழ்வதற்கான இறுதி வார்த்தைப்பாட்டையும் அந்த டிசம்பர் 8-ஆம் தேதி சிறையிலேயே எடுத்தார். எழுதியதில் தாலாட்டு கிடையாது; இது மனிதன் உலுக்கப்படும் காலம் என்பது அவர் வாதம். பிழைத்து வெளியே வர அவருக்கும் ஆசை இருந்தது. 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிட்டார்கள்.

உங்கள் விண்ணப்பம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. அது நடக்கும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. நடந்தே தீரும் என்று மைக் பிடித்துச் சொல்பவர்களுக்கும் கிடையாது. ஆனால் கேள்வியோடு பாடல் குழுவில் நிற்பது நடிப்பு என்றால், யோவான்தான் முதல் நடிகர். பாட்டு வராத நாளில் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் பாடுவார்.

கேரல் பவனிக்கு அவசியம் போங்கள். இரவுக் காற்றும் நாலு வீட்டுக் காப்பியும் உங்களுக்கு நல்லது. குழுவிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: பத்து மணிக்கு மேல் கைக்குழந்தை தூங்கும் வீட்டு வாசலில் டிரம்மை அடிக்க வேண்டாம்.