டைல்ஸ் பாஸும் வேலையில்லாக் காசும்

கேள்வி: ஐயா, நான் டைல்ஸ் பதிக்கிறவன், வயது 38. 2011 முதல் 2018 வரை புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் சம்பளத்துக்கு நின்றேன். அதன் பிறகு சப்-கொன்ட்ராக்ட்தான். கடைசியாக ஒரு கட்டடக் கம்பனிக்கு பம்பலப்பிட்டி அடுக்குமாடியில் 14 மாதம் வேலை செய்தேன், இரண்டு கையாட்களோடு. அது முடிந்து மூன்று மாதம். அடுத்த சைட் எப்போது என்று தெரியவில்லை. லண்டனில் இருக்கும் மச்சான், "வேலை இல்லாவிட்டால் அரசாங்கம் காசு தருமே, போய்க் கேள்" என்கிறான். எங்கே போய்க் கேட்பது?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, மச்சான் சொன்னது அவருடைய ஊருக்கே முழுதாகச் சரியில்லை. அங்கே சுயதொழில்காரர் கட்டும் தேசியக் காப்புறுதிப் பணம், வேலை தேடுவோருக்கான படிக்குப் பொதுவாகக் கணக்கில் வராது. வீட்டு வருமானத்தைப் பார்த்துத் தரும் யூனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் அவர்களும் போக வேண்டும். நம் இலங்கையில் வேலையில்லாதவருக்கென்று ஒரு காப்புறுதியே கிடையாது. சம்பளக்காரருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

மிஞ்சுவது அஸ்வெசும, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் மாதக் கொடுப்பனவு. சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023இல் வந்தது. வேலை எந்தத் தேதியில் முடிந்தது என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. அது பார்ப்பது முழுக் குடும்பத்தை. படிப்பு, உடல்நலம், தொழில், சொத்து, வீட்டின் நிலை, வீட்டில் யார் யார் என்று 22 குறிகாட்டிகள். 2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா, வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா. நான் 26 வருடம் ஒரு பிரதேச செயலகத்தில் கோப்புகளோடு இருந்தவன். கொழும்பில் நல்லாய் உழைத்து இடையில் ஒரு மூன்று மாதம் சும்மா இருக்கிறவர் இந்த வட்டத்துக்குள் வருவது கஷ்டம். கட்டர் ஏற்றிப்போக வாங்கிய முச்சக்கரவண்டி, மின்சாரப் பில் எல்லாம் பேசும். அடுத்த முறை விண்ணப்பம் கோரும்போது போட்டு வையுங்கள், தவறில்லை. அதை நம்பிக் கடன் மட்டும் வாங்க வேண்டாம்.

சரி, உங்கள் சொந்தக் காசு ஒன்று எங்காவது தூங்குகிறதா என்று பார்ப்போம். ஹாட்வெயார் கடை ஏழு வருடம் உங்களுக்கு ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டியிருக்க வேண்டும், சம்பளத்தில் 3 வீதம். வேலையை விட்டவர் அதை எடுக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் எடுக்க முடியும். 2018இல் எடுக்கவில்லை என்றால் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கடையை விட்டதற்கான அத்தாட்சி மூன்றோடும் இந்த வாரமே ஈ.டி.எஃப். சபைக்குப் போங்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) அப்படியல்ல, ஆணுக்கு 55 வயது வரை காத்திருக்க வேண்டும். வீடு, மருத்துவம் என்று 30 வீதம் முன்கூட்டி எடுக்கும் வசதிக்குப் பத்து வருட அங்கத்துவம் வேண்டும். உங்களுடையது ஏழு.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அந்த 14 மாதமும் நீங்கள் உண்மையிலேயே கொன்ட்ராக்டர்தானா? காலை எட்டுக்கு வந்து புத்தகத்தில் ஒப்பமிட்டீர்களா? பசை, ஓடு எல்லாம் கம்பனி தந்ததா? உங்களுக்குப் பதிலாக வேறொரு பாஸை (மேஸ்திரியை) அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க முடிந்ததா? சுப்பர்வைசர் "இன்றைக்கு ஐந்தாம் மாடி" என்றால் ஐந்தாம் மாடிக்குத்தான் போனீர்களா? அப்படியென்றால் கடதாசியில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், நீங்கள் தொழிலாளி என்று வாதாட இடமிருக்கிறது. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும், தற்காலிகமாக நிற்பவருக்கும், தொழிலாளி என்றால் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எஃப். உண்டு. உங்கள் பங்கு சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம். மாதம் 60,000 ரூபா என்று வைத்தால் 14 மாதத்துக்கு 1,68,000 ரூபா. அது உடனே கைக்கு வராது, உங்கள் பெயரில் கணக்கில் ஏறும். முறைப்பாடு தொழில் திணைக்களத்தில், நாரஹேன்பிட்டவில். வேலையிலிருந்து நிறுத்தியதே அநியாயம் என்று தொழில் நியாய மன்றத்துக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு மூன்று போய்விட்டது.

என் மைத்துனர் வயரிங் வேலைக்காரர். அவருக்கும் இதே வழக்குத்தான் வந்தது, ஒரு கம்பனியோடு. ஒப்பந்தமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. கையில் இருந்தது ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி. அட்டை எல்லாம் பருப்புக் கறிக் கறை. உள்ளே தேதி, மாடி, எத்தனை பொயின்ட், பக்க ஓரத்தில் சுப்பர்வைசரின் சுருக்கொப்பம். விசாரித்த அதிகாரி அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கம்பனிக்காரர் கொண்டுவந்த பளபளப்பான பைலை ஒரு தடவைதான் பார்த்தார். உங்களிடம் கொப்பி இல்லாவிட்டாலும் வங்கிக்கு வந்த காசின் விவரம், வாட்ஸ்அப்பில் "நாளைக்கு வரவும்" என்று வந்த செய்தி இருக்கும். போனை மாற்றும் முன் பிரதி எடுங்கள்.

ஆனால் ஒன்று. இல்லை, நான் சொந்த முதலாளிதான், வேலையை ஏற்றெடுத்தவன் நான்தான் என்றால் கணக்கு திரும்பும். அந்த இரண்டு கையாட்களுக்கும் ஈ.பி.எஃப். கட்ட வேண்டியவர் நீங்கள். அந்தப் பையன்களும் இப்போது மூன்று மாதம் சும்மாதானே இருக்கிறார்கள்.

கேள்வி: நான் மென்பொருள் எழுதுகிற பெண். நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் செய்கிறேன். இந்த வரி வருடத்தில் ஐந்து மாதம்தான் வேலை இருந்தது, மாதம் இரண்டு இலட்சம் ரூபா. ஒவ்வொரு தடவையும் வரி என்று 5 வீதம் பிடித்துவிட்டார்கள். வேறு வருமானம் இல்லை. அது போனதுதானா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: போகவில்லை, மகள். மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் கட்டணம் தந்தால் அப்படிப் பிடித்து வைப்பது முறைதான். ஆனால் உங்கள் வருட வருமானம் பத்து இலட்சம். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் நிவாரணம், அதாவது வருடத்தில் வரியில்லாமல் விடும் தொகை, 18 இலட்சம், ஆகவே உங்களுக்கு வரியே வராது. பிடித்த 50,000 ரூபா உங்களுடையது. ஒவ்வொரு நிறுவனத்திடமும் பிடித்ததற்கான சான்றிதழை இப்போதே கேளுங்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகு கணக்குப் பிரிவில் போனை எடுக்க மாட்டார்கள். மார்ச் 31இல் வருடம் முடிகிறது. நவம்பர் 30க்குள் வரி விவரத்திரட்டைக் கொடுத்து, அதிலேயே மீளளிப்புக் கேளுங்கள். டின் இலக்கம் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள்.