கேம்பிங் வண்டியில் இரண்டாவது பேட்டரி: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

கேள்வி இதுதான்: "இரண்டு மூன்று நாள் கேம்பிங் போவோம். சின்ன ஃப்ரிட்ஜ், விளக்கு, போன் சார்ஜ், அவ்வளவுதான். வண்டியில் இரண்டாவது பேட்டரி வைக்கலாமா? எந்த பேட்டரி நல்லது?"

எந்த பேட்டரி என்ற கேள்வியோடுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். நானும் இரண்டு மாதம் பேட்டரியைப் பற்றியே படித்துத் தள்ளினேன். வயரை மட்டும் கடைசி நாளில், வீட்டில் சும்மா கிடந்ததை எடுத்து மாட்டிவிட்டேன். பலன் முதல் பயணத்திலேயே தெரிந்துவிட்டது.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். ஃப்ரிட்ஜ் பீப் பீப் என்று கத்தியது. வோல்டேஜ் போதவில்லையாம். அன்று சாயங்காலம் வரை வண்டி ஓடி, பேட்டரி நிறைந்துதான் இருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 12.5 வோல்ட். பின்பக்க சாக்கெட்டிலும் ஏறக்குறைய அதேதான். அப்படியென்றால் ஏன் நிற்கிறது? சாக்கெட்டிலேயே மீட்டரைப் பிடித்தபடி காத்திருந்தேன். கம்ப்ரசர் 'உம்' என்று கிளம்பியதும் 12.4 சட்டென்று 11.3 ஆனது. சில நொடியில் ஃப்ரிட்ஜ் நின்றது, மீட்டர் பழையபடி 12.4 காட்டியது. பேட்டரியில் குறையே இல்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே, அந்த மெல்லிய வயரும் தளர்ந்த சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் தின்றுகொண்டிருந்தன. எத்தனை வோல்ட்டுக்குக் கீழே ஃப்ரிட்ஜ் நிற்க வேண்டும் என்கிற கட்-ஆஃப் அளவைக் குறைத்து வைத்து அன்றைய ராத்திரியை ஓட்டினேன். ஊர் திரும்பியதும் பேட்டரியிலிருந்து சாக்கெட் வரை தடித்த 6 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து, திருகிப் பூட்டுகிற சாக்கெட் மாட்டினேன். அதே பேட்டரி, அதே ஃப்ரிட்ஜ். அதன்பிறகு சத்தமே இல்லை.

அதனால் என் பதில் வயரில் அதிகம் நிற்கும், பேட்டரியில் கொஞ்சம்தான் நிற்கும்.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் வேண்டாம். நாலு போனுக்கும் ஒரு விளக்குக்கும் நல்ல பவர் பேங்க் போதும். வருஷத்துக்கு இரண்டு முறைதான் போவீர்கள் என்றாலும், கையில் தூக்கிப் போகிற பவர் ஸ்டேஷன் பெட்டி வாங்கிவிடலாம். வண்டியில் ஓட்டை போட வேண்டியதில்லை. அதில் ஒரே சங்கடம், லைட்டர் சாக்கெட்டிலிருந்து ஏற்றினால் 100 வாட் அளவுக்குத்தான் ஏறும். பெரிய பெட்டி நிறைவதற்கு நாள் முழுக்க ஓட்ட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் உண்டு, அடிக்கடி போவோம் என்றால் கணக்கைப் போடுங்கள். 40 லிட்டர் அளவுள்ள கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். வெயிலைப் பொறுத்து, நேரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஓடும். ஒரு நாளைக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-மணி). எல்இடி விளக்கு 5, போன்கள் 5 அல்லது 6. ஆக, நாளைக்கு 50 என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஓரிடம், மாலை ஓரிடம் என்று தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு 100 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். ஒரே இடத்தில் மூன்று நாள் கூடாரம் அடித்து உட்காருபவருக்கு அது போதாது.

இருக்கிற பேட்டரியிலேயே ஃப்ரிட்ஜை ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். அது செல்ஃப் எடுக்கவென்றே செய்தது. உள்ளே தகடுகள் மெல்லியவை, நிறைய. சில நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும், உடனே இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். மெதுவாக ராத்திரி முழுக்க உறிஞ்சுவது அதற்கு ஆகாது. சில முறை அடிவரை இறக்கினாலே அதன் ஆயுள் பாதியாகிவிடும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும் வருவது தனிக் கதை.

இரண்டாவது பேட்டரிக்கு தகடு தடித்த டீப் சைக்கிள் வகை வேண்டும். ஏஜிஎம், அதாவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய பேட்டரி எடுத்தால் பாதி வரைதான் பயன்படுத்தலாம். ஓய்வில் 12.1, 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம், அதற்குக் கீழே இறக்க இறக்க ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் எடுத்தால் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். 100 ஆம்பியர்-மணிக்கு எடை 10, 12 கிலோதான், ஏஜிஎம் அதற்கு 30 கிலோவை நெருங்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. அது தீரும் வரை ஒரே மாதிரி 13 வோல்ட்டை ஒட்டியே காட்டும் என்பதால், வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது. போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணுகிற ஷன்ட் மீட்டர் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இரண்டையும் எப்படி இணைப்பது. பழைய வழி, வோல்டேஜைப் பார்த்துத் தானே இயங்கும் சுவிட்சான ரிலே. இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். எளிமையானது, விலை குறைவு, பழைய வண்டிகளில் அருமையாக வேலை செய்யும். புது வண்டிகள் பலவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வருகிறது. எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக, மெயின் பேட்டரி நிறைந்ததும் அது வோல்டேஜை 12.5 வரைகூட இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது 15ஐத் தொடும். ரிலே குழம்பி ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். நாள் முழுக்க ஓட்டியும் பின்னால் உள்ள பேட்டரி நிறையாது.

உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய, யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் ஓடிய பிறகு சாக்கெட்டில் மீட்டரைப் பிடித்துப் பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் நடுவே நிலையாக நின்றால் ரிலே போதும். ஏறி இறங்கி விளையாடினால், வருகிற வோல்டேஜை பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றிக் கொடுக்கிற டிசி-டிசி சார்ஜர்தான். லித்தியம் வைப்பவர்களுக்கு எந்த வண்டியானாலும் நான் அதைத்தான் சொல்வேன். லித்தியத்தின் உள் தடை மிகக் குறைவு. நேராக இணைத்தால் கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் இழுக்கும். வண்டி ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், அதனால் சூடேறிக் கருகவும் வாய்ப்பு உண்டு. டிசி-டிசி சார்ஜர் 25 ஆம்பியர் என்றால் 25க்கு மேல் விடாது, பேட்டரி வகைக்கேற்ற வோல்டேஜையும் தானே கொடுக்கும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் 50 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு நாள் செலவு திரும்பி வந்துவிடும்.

இங்கேதான் வயர் மறுபடி வருகிறது. அந்த சார்ஜர் 25 ஆம்பியரை 14.4 வோல்ட்டில் வெளியே கொடுக்கிறது. உள்ளே வருவது 12.5 வோல்ட்தான் என்றால், நஷ்டமும் சேர்த்து 32 ஆம்பியர் உள்ளே இழுக்கும். வயரும் ஃபியூஸும் அந்த 32க்குத் தாங்க வேண்டும். பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர், திரும்பும் நெகட்டிவையும் சேர்த்து 10. 6 ஸ்கொயர் எம்எம் வயரில் ஒரு வோல்ட் காணாமல் போகும். 16 போட்டால் 0.4. நான் 16 போட்டிருக்கிறேன். வளைக்கக் கை வலிக்கும், ஆனால் ஒரு முறைதானே.

ஃபியூஸைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண வயரில் ஒரு முனையில்தான் பேட்டரி இருக்கும், ஒரு ஃபியூஸ் போதும். இதில் இரு முனையிலும் பேட்டரி. நடுவில் எங்காவது வயர் உரசி பாடியைத் தொட்டால் இரண்டு பக்கமிருந்தும் பாயும். அதனால் இரண்டு பேட்டரிக்கும் பக்கத்தில், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், ஆளுக்கொரு ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். சார்ஜரில் இருக்கிற பாதுகாப்பை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

இன்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் வயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். ஒரு வருஷம் கழித்து என் வயரை உருவிப் பார்த்தபோது, தகட்டு விளிம்பு பட்ட இடத்தில் மேலுறை நகத்தால் கீறியதுபோல் பள்ளமாகி, பளபளவென்று தேய்ந்திருந்தது. வளையம் சற்று விலகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் செம்பு தெரிந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் நெளி குழாய் ஒன்றும் சேர்த்து மாட்டியிருக்கிறேன்.

வயர் முனைகளில் லக்கை, அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளைய முனையை, நல்ல கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்குவது ஆகாது. அழுத்தியதும் பலமாக இழுத்துப் பாருங்கள், அசையவே கூடாது. சால்டர் வைத்தால் உறுதி என்று நினைப்போம். வண்டி அதிர அதிர, ஈயம் முடிகிற இடத்தில்தான் இழைகள் முறியும். எர்த்துக்கு பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போடுங்கள். மெயின் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்ன சென்சார் டப்பா இருந்தால் அந்த முனையில் எதையும் சேர்க்காதீர்கள், சேசிஸில் சேருங்கள். இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு பேட்டரிக் கணக்கு தப்பிவிடும். வேலையைத் தொடங்குமுன் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொந்த அனுபவமாக்கிக்கொள்ள வேண்டாம்.

எங்கே வைப்பது? தண்ணீர் ஊற்றுகிற வகை ஹைட்ரஜன் விடும், கேபினுக்குள் கூடாது. லித்தியத்துக்கு பானெட் சூடு ஆகாது, அது உள்ளேதான். எதுவானாலும் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 30 கிலோ பொருளை வெறும் பெல்ட்டில் கட்டி வைத்துக்கொண்டு வேகமாகப் போவதை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கும்.

இன்வெர்ட்டர் பற்றியும் கேட்பார்கள். போன் சார்ஜ் செய்ய 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 5 ஆக்குவது வீண் வேலை. யுஎஸ்பி சாக்கெட் ஒன்று போடுங்கள். 1500 வாட் கெட்டில் ஓட்டலாமா என்றால், அது 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அடுப்பில் வைத்துக் கொதிக்க வையுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஒரு ராத்திரி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி ஃப்ரிட்ஜை ஓட விடுங்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையில் ஒரு முறை, ஃப்ரிட்ஜ் சாக்கெட்டில் ஒரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் லக், ஃபியூஸ் ஹோல்டர், சாக்கெட் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதுதான் தின்றுகொண்டிருக்கிறது.