பக்கத்துத் தோட்டத்தில் இத்தாலியத் தேனீ: என் தேன் குறையுமா?

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் 40 இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் 100 இத்தாலியத் தேனீப் பெட்டிகளை இறக்கியிருக்கிறார். எனக்குத் தேன் குறையுமா? நானும் மாறிவிடலாமா?

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ரப்பரில் நமக்குத் தேன் தருவது பூ அல்ல, இலையுதிர்ந்தபின் வரும் தளிர்க்காம்பின் நுனி. அந்த வாரங்களில் இரு தரப்புக்கும் மேய இடம் உண்டு.

அடி விழுவது மழைக்காலப் பஞ்சத்தில். உங்கள் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் மேயும். உருவில் பெரிய இத்தாலியத் தேனீ இரண்டு, மூன்று கிலோமீட்டர் போகும். வெளியே ஒன்றும் கிடைக்காதபோது அது உங்கள் பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடிக்கும். இந்தியத் தேனீயோ தொல்லை மிகுந்தால் பெட்டியையே விட்டு ஓடிவிடும். ஓடிய குடும்பத்தோடு அடுத்த பருவத்துத் தேனும் போயிற்று, அதுவரை ஊற்றிய சர்க்கரைப் பாகும் போயிற்று.

ஆகவே அவர் மார்ச் முடிந்ததும் பெட்டிகளை லாரியில் ஏற்றிச் செல்பவரா என்று கேளுங்கள். ஆமென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால், ஜூனுக்கு முன்பே இராணி இல்லாத குடும்பங்களையும் நலிந்த குடும்பங்களையும் மற்றவற்றோடு இணைத்துவிடுங்கள். நுழைவாயிலை ஓரிரு தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். பாகை அந்தி சாய்ந்தபின், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் கொடுங்கள். வெளியே சிந்தினால் அந்த வாசனையே அழைப்பிதழ்.

1991-92இல் நம் பெட்டிகளைக் காலிசெய்த தாய் சேக்புரூட் (தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ்) நோயையும் இத்தாலியத் தேனீயின் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் பக்கத்தில் நோய் முந்தியது. இத்தாலியத் தேனீ பெருமளவில் வந்தது அதன் பின்னர், இழப்பை ஈடுகட்டத்தான்.

மாறுவதைப் பற்றி: பெட்டிக்கு ஆண்டுக்கு இந்தியத் தேனீ தரும் 5-10 கிலோ எங்கே, இத்தாலியத் தேனீ தரும் 30-40 கிலோ எங்கே என்றுதான் எல்லோரும் மயங்குகிறார்கள். செலவையும் எழுதிப் பாருங்கள். உங்கள் நியூட்டன் பெட்டி அதற்குப் பற்றாது. பெரிய லாங்ஸ்ட்ராத் பெட்டி வேண்டும். பஞ்சகாலத்தில் சர்க்கரை கூடுதலாகச் செலவாகும். இந்தியத் தேனீ தானே கடித்துத் தள்ளும் வரோவா உண்ணிக்கு அங்கே மருந்து வைக்க வேண்டும். பூக்கும் இடம் தேடிப் பெட்டியோடு அலைய வேண்டும். லாரியும் ஆளும் அமர்த்த முடியாதவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சோதித்துப் பார்க்க ஐந்து பெட்டி வாங்கினாலும் இந்தத் தோட்டத்தில் வைக்காதீர்கள். கொள்ளைக்காரரை நீங்களே குடியேற்றியதாகிவிடும்.