அக்குள் முடி நீக்கம்: மின்சிகிச்சை பலன் தருகிறதா என்பதை எப்படி அறிவது?

கேள்வி: எனக்கு 27 வயது. கல்லூரிக் காலத்திலிருந்து அக்குள் முடியை ஷேவ் செய்தும் வாக்ஸ் செய்தும் வந்ததில் அந்த இடம் கறுத்துப்போய், அடிக்கடி சிறு கட்டிகளும் வந்தன. நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று எலக்ட்ரோலிசிஸ் (மின்சாரத்தால் மயிர்க்காலை அழிக்கும் சிகிச்சை) தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒவ்வொரு சிட்டிங்கிலும் ஒரு முடிகூட விடாமல் எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் மூன்றாவது வாரத்தில் மறுபடியும் முடி தெரிகிறது. “லேசருக்கே போயிருக்கலாமே” என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையிலேயே முன்னேற்றம் இருக்கிறதா, பணம் வீணாகிறதா என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால், மூன்றாவது வாரத்தில் முடி தெரிகிறது என்பதை மட்டும் வைத்துச் சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அப்போது தெரிகிற முடிகளில் பெரும்பாலானவை, சென்ற சிட்டிங்கில் எடுக்கப்பட்ட முடிகளே அல்ல.

இதைப் புரிந்துகொள்ள, சிகிச்சையின்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். முடியளவே மெல்லிய ஊசி ஒன்று முடியை ஒட்டியே மயிர்க்காலுக்குள் இறக்கப்பட்டு, அதன் வழியே மின்சாரம் செலுத்தப்படுகிறது. நேர் மின்னோட்டமாக இருந்தால், அங்குள்ள உப்பும் நீரும் வினைபுரிந்து காரத்தை உண்டாக்க, அந்தக் காரம் முடியை வளர்க்கும் திசுவை அழிக்கிறது. உயர் அதிர்வெண் மின்னோட்டமாக இருந்தால் வெப்பம் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதை ‘பிளெண்ட்’ என்கிறார்கள். 1875ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், உள்நோக்கி வளர்ந்து விழியை உரசுகிற இமை முடிகளை இந்த முறையில் நீக்கி, அதைப் பற்றி எழுதினார். ஆக, இது நேற்று முளைத்த வைத்தியம் அல்ல. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ‘நிரந்தர நீக்கம்’ என்று ஏற்றுக்கொள்வதும் எலக்ட்ரோலிசிஸைத்தான். லேசர் கருவிகளுக்கு அது அனுமதிக்கும் சொல் ‘நிரந்தரக் குறைப்பு’ என்பதே.

இனி உங்கள் மூன்றாவது வாரத்துக்கு வருவோம். ஒவ்வொரு மயிர்க்காலும் சில மாதங்கள் முடியை வளர்த்து, பிறகு அதை உதிர்த்து, சில மாதங்கள் ஓய்வெடுத்து, மீண்டும் வளர்க்கத் தொடங்கும். அக்குளில் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், வளர்ச்சிப் பருவத்தில் இருப்பவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்றவை ஓய்வில் இருக்கும். மேசையில் படுத்து, அக்குள் வழவழப்பாகிவிட்டது என்று நீங்கள் எழுந்து வரும் நாளிலும், ஓய்விலிருக்கும் மயிர்க்கால்கள் தொடப்படாமல் தோலுக்கடியில் இருக்கவே செய்கின்றன. அவை ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும்போது அழிந்த முடியே திரும்பிவிட்டதைப் போலத் தோன்றுகிறது. அக்குளில் ஒரு சுழற்சி முழுமையடைய ஆறேழு மாதங்களுக்கு மேலும் ஆகலாம். தொடங்குவதற்கு முன்பு வாக்ஸ் செய்திருந்தால், அப்போது பிடுங்கப்பட்ட முடிகளும் தாமதமாகத்தான் தலைகாட்டும். எனவே முதல் அரையாண்டில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் குறைவாக இருப்பது இயல்பு. மாற்றம் தெரியத் தொடங்க வேண்டிய காலத்தில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். முழுப் பலனுக்கு ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு, சிலருக்கு இன்னும் சற்று அதிகம் ஆகும்.

அப்படியானால் எதை அளப்பது? முடி வந்ததா என்பதை விட்டுவிட்டு, வந்த முடி அனைத்தையும் எடுத்து முடிக்க எத்தனை நிமிடங்கள் ஆயின என்பதைக் கணக்கெடுங்கள். என் பார்வையில் இதைவிட நம்பகமான அளவுகோல் வேறில்லை. ஒரு சிறு நோட்டில் தேதி, இடப்பக்கம் வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆன நிமிடங்கள், சென்ற சிட்டிங்கிலிருந்து எத்தனை நாள் இடைவெளி, எந்த முறை பயன்படுத்தப்பட்டது ஆகியவற்றை அன்றன்றே குறித்துவையுங்கள். இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க, தொடக்கத்தில் ஒரு மணி நேரம் பிடித்த வேலை முக்கால் மணிக்கும் பிறகு அரை மணிக்கும் குறைந்தால், மயிர்க்கால்கள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று ஐயமின்றிச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெப்ப முறையில் ஒரு முடிக்கு ஓரிரு நொடியோ அதற்கும் குறைவாகவோ போதும். நேர் மின்னோட்ட முறையில் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே நடுவில் முறை மாறினாலோ, சிகிச்சை செய்பவர் மாறினாலோ, நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருவனவற்றைத் தனியாக ஒப்பிடுங்கள். அதற்கு முந்தைய நிமிடங்களோடு அவற்றைக் கலந்தால் கணக்கு தவறிவிடும்.

நிழற்படமும் உதவும், ஆனால் அதை ஒரே முறையில் எடுக்க வேண்டும். அதே ஜன்னலோரம், அதே வேளை, கையைத் தலைக்குப் பின்னால் மடித்த அதே நிலை, ஷேவ் செய்து மூன்றாவது நாள் என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்குளில் ஒரு மச்சமோ தழும்போ இருந்தால் அதையொட்டி ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அதன் விளிம்பைக் கண் மையால் வட்டமாகக் குறித்து, வட்டத்துக்குள் இருக்கும் முடிகளை மட்டும் மாதம் ஒருமுறை எண்ணலாம். அக்குள் முழுவதையும் பார்த்து மலைப்பதைவிட அந்தச் சிறு வட்டம் தெளிவாக உண்மை சொல்லும். முடியின் தடிமனையும் கவனியுங்கள். முன்பிருந்ததைப் போலவே கறுத்துத் தடித்து வருபவை பெரும்பாலும் ஓய்விலிருந்து புதிதாக எழுந்தவை. மெலிந்து, நிறம் வெளுத்து வருபவை முந்தைய சிகிச்சையில் பாதி மட்டும் சேதமடைந்த மயிர்க்கால்களிலிருந்து வருபவை. அவற்றுக்கு இன்னொரு முறை தேவைப்படும்.

வேலை சரியாக நடக்கிறதா என்பதற்கான அறிகுறி சிகிச்சை மேசையிலேயே கிடைக்கிறது. மின்சாரம் செலுத்திய பின், இடுக்கியால் தொட்டதும் முடி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு முடியும் சுருக்கென்று இழுபட்டுப் பிடுங்கப்படுவதாக உணர்ந்தால், அங்கே நடப்பது விலை கூடிய வாக்ஸிங்தான். அதைத் தயங்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள். எடுத்த முடிகளில் சிலவற்றை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வளரும் பருவத்து முடியின் அடியில் பருத்த வேரும் அதைச் சுற்றிப் பளபளக்கும் உறையும் இருக்கும். நுனியில் உலர்ந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் அது உதிரும் பருவத்து முடி. முதல் வகையில் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். அதற்காகவே, சிட்டிங்குக்கு மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன்பு ஷேவ் செய்துவிட்டுப் போவது நல்லது. அந்த இடைவெளிக்குள் தோலுக்கு மேலே வந்து நிற்பவை வளரும் முடிகளே. ஷேவ் செய்வதால் சிகிச்சைக்குக் கெடுதல் இல்லை. வாக்ஸிங், த்ரெட்டிங், பிடுங்கும் கருவி ஆகியவற்றை மட்டும் சிகிச்சை முடியும்வரை அறவே விட்டுவிடுங்கள். வேரோடு பிடுங்கிய இடத்தில் ஊசிக்கு வேலையில்லை.

முடி குறைவதோடு தோலும் நலமாக இருந்தால்தான் அதை முன்னேற்றம் என்பேன். சிகிச்சைக்குப் பின் சிவப்பும் இலேசான வீக்கமும், ஊசிமுனை அளவிலான பொருக்குகளும் தோன்றி, சில நாட்களில் தாமாக உதிர்வது இயல்பு. அவற்றைச் சொறியவோ பெயர்க்கவோ கூடாது. முதல் ஓரிரு நாள் டியோடரன்ட் வேண்டாம். இறுக்கமான செயற்கை இழைச் சட்டையும் வேண்டாம். நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில் பழுப்புத் திட்டுகள் சில மாதங்கள் தங்கி மெல்ல மறையும். ஆனால் பொருக்குகள் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்தாலோ, சிறு பள்ளங்கள் விழுந்தாலோ, மின்சாரம் அளவு மீறியிருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் குறிப்பிட்ட கட்டிகள் ஷேவிங்கையும் வாக்ஸிங்கையும் விட்ட பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயமே.

லேசர் பற்றி வீட்டில் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கறுத்துத் தடித்த அக்குள் முடியை லேசர் விரைவாகக் குறைக்கும். கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி யாக் வகை பாதுகாப்பானது. ஆனால் அது முடியின் கருநிறமியைக் குறிவைப்பதால், மெலிந்து வெளுத்த முடியிலும் நரையிலும் பலிக்காது. ஏழு மாதம் கடந்துவிட்ட நீங்கள், இன்னும் மூன்று மாதங்கள் நிமிடக் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து. ஓராண்டுக்குப் பிறகும் நிமிடங்கள் குறையவில்லை என்றால் சிகிச்சை செய்பவரின் கையையோ கருவியின் அளவையோ சந்தேகிக்கலாம். மாதவிலக்கு ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பரிசோதனை அவசியம்.

கேள்வி: பணி மாற்றத்தால் மூன்று மாதங்கள் எலக்ட்ரோலிசிஸுக்குப் போக முடியவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? அக்குளில் வலியும் அதிகமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். அழிந்த மயிர்க்கால் இடைவெளி விட்டதால் உயிர்பெறாது. அந்த மூன்று மாதங்களில் ஓய்விலிருந்து எழுந்த முடிகள் மொத்தமாகச் சேர்ந்திருப்பதால் முதல் சிட்டிங் நீளும்; அதை முன்னேற்றக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த சிட்டிங்கிலிருந்து ஒப்பிடுங்கள். வலிக்கு, லிடோகெயின் கலந்த மரப்புக் களிம்பை எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு முன்பு தடவுவது என்று மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் வலி கூடுதலாகத் தெரிவதாகப் பல பெண்கள் சொல்வதால், அந்த நாட்களைத் தவிர்த்து நேரம் வாங்குங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி இன்னொருவருக்கு வரக்கூடாது. ஒவ்வொரு முறையும் உங்கள் கண்முன்னே புதிய உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.