கேள்வியும் பதிலும்

கேள்வி: பிரிட்டிஷ் பாப் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டைப் பற்றி, 'அவர் வெறும் காதல் பாட்டுக்காரிதானே, ஏன் இத்தனை புகழ்?' என்கிறான் என் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: 1966-ல் வந்த 'யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மி' பாட்டை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். லண்டன் ஸ்டூடியோவின் அறை ஒலி பிடிக்காமல், மைக்கை மாடிப்படிக்குக் கொண்டுபோய் அங்கே நின்று பாடினார். அந்தக் குரல் படிக்கட்டுச் சுவர்களில் மோதித் திரும்புவது கேட்கும். எனக்கு இன்றும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது.

குரலோடு நின்றவர் அல்ல. 1964-ல் தென்னாப்பிரிக்கா போனபோது, நிறம் பார்த்துப் பிரிக்காத கூட்டத்துக்கு முன்னால்தான் பாடுவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். கேப் டவுன் பக்கம் அப்படியே பாடினார். அரசு நாட்டைவிட்டு வெளியேற்றியது. அப்போது அவருக்கு வயது 25. இதை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: அவருடைய 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' ஆல்பம் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பாடியதுதானா?

பதில்: இசைக்கருவிகள் அங்கே பதிவானவை. பெரிய கலைஞர்கள் பாடிய இடம் என்ற கூச்சத்தில் அவருக்குப் பாட வரவில்லை. குரலை நியூயார்க்கில் பதிந்தார்கள். 1969-ல் வெளியானபோது விற்பனை சுமார்தான். அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் அதுதான் என்பேன்.

1987-ல் பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இரட்டையருடன் பாடி மீண்டும் உச்சிக்கு வந்தார். 1999 மார்ச் 2-ல் மார்பகப் புற்றுநோயால் காலமானார்.