கிம்ப்பில் வட்டம் எங்கே? – கேள்வி பதில்

அச்சு வேலைக்கும் நோட்டீஸ் வேலைக்கும் பல வருடமாக கிம்ப்பும் (படம் திருத்தும் இலவச மென்பொருள்) லிப்ரே ஆபிஸும் (எம்எஸ் ஆபிஸுக்கு இலவச மாற்று)தான் எனக்குச் சோறு போடுகின்றன. "அங்கே இருந்தது இங்கே இல்லையே" வகைக் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

ஃபோட்டோஷாப்பிலிருந்து வந்தேன். கிம்ப்பில் வட்டம் போட ஒரு டூல்கூடவா இல்லை? (ஸ்டுடியோக்காரர், தேனி)

எலிப்ஸ் செலக்ட் எடுங்கள். இழுக்க ஆரம்பித்த பிறகு ஷிஃப்டை அழுத்தினால் சரியான வட்டம் வரும். முன்னாலேயே அழுத்தினால் பழைய தேர்வோடு ஒட்டிக்கொள்ளும். பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பிறகு தேர்வின் ஓரத்தில் கோடு வரைய, எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்‌ஷன். சுற்றுவழிதான், மறுக்கவில்லை. லோகோ வேலை என்றால் கிம்ப்போடு மல்லுக்கட்டாதீர்கள், கோட்டுப்பட மென்பொருளான இங்க்ஸ்கேப்புக்குப் போங்கள்.

கண்ட்ரோல்+எஸ் அடித்தால் ஜேபெக் ஆகச் சேமிக்க மாட்டேன் என்கிறது. யார் கேட்டார்கள் இதை? (மதுரை)

2012 மே மாதம் வந்த கிம்ப் 2.8 பதிப்பிலிருந்து இப்படித்தான். சேவ் என்றால் கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் மட்டும். ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் எக்ஸ்போர்ட். ஜேபெக்கில் லேயர் (படத்தின் தனித்தனி அடுக்கு) நிற்காது. திறந்து, திருத்தி, திரும்பச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் தேயும். வாடிக்கையாளர் மறுநாள் வந்து "பேரை மட்டும் மாத்துங்க" என்பார்; உங்களிடம் தட்டையான ஜேபெக் மட்டும் இருக்கும். எத்தனை முறை சொன்னாலும் அலுக்காமல் சொல்வேன்: மூலக் கோப்பு வேறு, அனுப்பும் கோப்பு வேறு.

மதுரைக்காரர் மறுபடியும்: எனக்கு வருவது பாஸ்போர்ட் போட்டோ சார். வெட்டணும், வெளிச்சம் ஏத்தணும், கொடுக்கணும். எக்ஸ்சிஎஃப் வைத்து ஊறுகாயா போடுவது? எக்ஸ்போர்ட் செய்த பிறகும் மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவில்லை" என்று மிரட்டுகிறது.

ஃபைல் மெனுவில் ஓவர்ரைட் என்று ஒன்று இருக்கிறது. கீபோர்டு ஷார்ட்கட் அமைப்பில் அதற்கே கண்ட்ரோல்+எஸ் கொடுத்துவிடலாம். கேமராவிலிருந்து வந்த படத்தின் மேலேயே எழுதிவிடும் என்பதால் நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொருவர், சேலம்: இவருக்கு இடம் கொடுக்காதீர்கள். ஃபோட்டோஷாப்பே ஜேபெக் சேமிப்பை 2021-ல் "சேவ் எ காப்பி" என்று தனியாகப் பிரித்துவிட்டது.

பிரித்தது உண்மை. பயனர்கள் சத்தம் போட்டதும் பழைய முறைக்கே திரும்ப ஒரு டிக் பெட்டியும் வைத்தது. கிம்ப் அந்தப் பெட்டியை வைக்கவில்லை. ஆகவே சேலத்துக்காரரே, மதுரைக்காரர் கேட்பதில் நியாயம் உண்டு. நாளெல்லாம் ஒற்றை லேயர் வேலை பார்ப்பவருக்கு சேமிக்கவில்லை என்ற இந்த மிரட்டல் வெறும் தொல்லை. மாறச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. ஆனால் பத்து லேயர் போஸ்டர் போடுகிறவர்கள் இதைச் சாக்காக வைத்து ஜேபெக் மட்டும் வைத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

லிப்ரே ஆபிஸில் ரிப்பன் (வேர்டில் மேலே டேப் டேப்பாக வரும் கருவிப்பட்டை) இல்லை.

வியூ, யூசர் இன்டர்ஃபேஸ், டேப்டு. 2019-ல் வந்த 6.2-லிருந்தே இருக்கிறது.

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் எக்செல்லின் எக்ஸ்லுக்கப் (பட்டியலில் தேடும் சூத்திரம்) வேலை செய்யவில்லை.

24.8 பதிப்பில்தான் சேர்த்தார்கள், 2024 ஆகஸ்ட். உங்களுடையது பழசு.

ஸ்டைலில் எழுத்தின் அளவை 14 ஆக்கினேன். ஆங்கிலம் மட்டும் பெரிதாகிறது, தமிழ் அசையவில்லை. (ஆசிரியை, திருவாரூர்)

நல்ல கேள்வி, இதைத்தான் யாரும் கேட்பதில்லை. லிப்ரே ஆபிஸ் தமிழை "காம்ப்ளெக்ஸ்" எழுத்து வகையில் வைத்திருக்கிறது. ஸ்டைலின் எழுத்துருப் பக்கத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு பகுதி, தமிழுக்கு ஒரு பகுதி. நீங்கள் மாற்றியது முதலாவதை. இரண்டாவது தெரியவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் மொழிகள் பக்கம் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்குங்கள். ஒரு வேடிக்கை: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வினாத்தாள் முதல் பகுதிக்குத்தான் கட்டுப்படும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்து.

லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் மினிமைஸ் பட்டனைக் காணோம்.

2011-ல் க்னோம் 3 வந்தபோதே வேண்டுமென்றே எடுத்தார்கள். ட்வீக்ஸ் என்ற அமைப்புச் செயலியை நிறுவி மீட்கலாம். 2018-ல் டெஸ்க்டாப் ஐகான்களும் போயின. அதற்கு எக்ஸ்டென்ஷன் உண்டு, க்னோம் பதிப்பு மாறும்போது அது படுத்துக்கொள்ளவும் கூடும். பழைய பழக்கம் விடவில்லையா? மேட் அல்லது சின்னமன் டெஸ்க்டாப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

ரைட்டரில் வேர்ட் மாதிரி ரிப்பன் வர வழி?

மேலே பாருங்கள்.

கிம்ப்பில் வட்டம்...

மேலே. முதல் கேள்வியே அதுதான்.

அச்சகத்தில் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை நிற முறை) கேட்கிறார்கள்.

இங்கே புலம்பலில் உண்மை இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 சிஎம்ஒய்கே ஆக ஏற்றுமதி செய்யும், திரையில் ஒத்திகையும் காட்டும். திருத்துவது என்னவோ திரைக்கான நிற முறையான ஆர்ஜிபியில்தான். கறுப்பு எழுத்து நான்கு மையிலும் பிரிந்து மங்கிப்போகும். ஆகவே படத்தை மட்டும் கிம்ப்பில் முடித்து, எழுத்தைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸில் வைத்து, அங்கிருந்து பிடிஎஃப் எடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் சிடி சிடியாகக் கிடக்கின்றன. கதி உண்டா?

லிப்ரே ஆபிஸ் ட்ராவில் திறந்து பாருங்கள், 6, 7 பதிப்புக் கோப்புகள் பெரும்பாலும் வரும். அன்று பயன்படுத்திய எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் திரையில் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். வரிகள் நகர்ந்திருக்கும், கையால் சரிசெய்ய வேண்டும். அதுவரை அந்த சிடிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.